கையேட்டுக்கு ஏன் கடைசிப் பந்தி?

கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்கிற சுதந்திரத்தைப் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறார்கள். அந்தப் பெருமிதம் நியாயமானதே. ஆனால், அத்தகைய மென்பொருள் ஒன்றை முதன்முதலாகத் தம் கணினியில் நிறுவ முற்படும் கல்லூரி மாணவரோ, சிறு அச்சகம் நடத்துபவரோ, அதனுடன் வந்த கையேட்டைத் திறந்ததும், மூன்று பதிப்புகளுக்கு முன்பே நீக்கப்பட்டுவிட்ட கட்டளையை உள்ளிடும்படி அது உபதேசிப்பதையும், இன்றியமையாத ஒரு படியை ‘வழக்கம்போல் அமைத்துக்கொள்க’ என்ற இரண்டே சொற்களில் தாண்டிச் செல்வதையும் காண்பாரானால், அந்தச் சுதந்திரத்தால் அவருக்கு விளைகிற பிரயோஜனம் என்ன?

இது ஏதோ ஒரு திட்டத்துக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று. நிரல்களைப் பகிர்ந்து வளர்க்கும் தளமான கிட்ஹப் 2017-இல் நடத்திய கருத்தாய்வில், ஆவணங்கள் அரைகுறையாகவோ காலங்கடந்தோ கிடப்பதைக் கண்டிருப்பதாகச் சொன்னவர்கள் 93 விழுக்காட்டினர். பங்களிப்போரில் 60 விழுக்காட்டினரோ, தாங்கள் ஆவணப் பணியில் அரிதாகவே ஈடுபடுவதாகவோ, ஈடுபடுவதே இல்லை என்றோ ஒப்புக்கொண்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் குறை காண்கிறார்கள். பெரும்பாலோர் கை கொடுப்பதில்லை. இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. என் அபிப்பிராயத்தில் காரணம் வேறு. நிரல் எழுதியவருக்குக் கிடைக்கும் கௌரவம் கையேடு எழுதியவருக்குக் கிடைப்பதில்லை. கல்யாண வீட்டில் ஓடியாடிப் பரிமாறியவருக்குக் கடைசிப் பந்தியில் இலை போடுவதுபோல, வேலையெல்லாம் முடிந்து, ஓய்வு மிஞ்சினால் கவனிக்கலாம் என்று ஆவணம் ஒதுக்கப்படுகிறது. ஓய்வு மிஞ்சுவதே இல்லை.

ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று யாரேனும் சமாதானம் சொன்னால் அது சரித்திரத்துக்கு ஒவ்வாது. இன்றைய கட்டற்ற இயக்குதளங்கள் பலவற்றுக்கு மூதாதையான யூனிக்ஸ், கட்டற்ற மென்பொருளாகப் பிறக்கவில்லைதான். எனினும் பெல் ஆய்வுக்கூடத்தில் அதை ஆக்கியவர்கள், தங்களுக்கு வேண்டிய புதுக் கணினியையே, காப்புரிமைப் பிரிவினர் தங்கள் விண்ணப்பங்களைச் செம்மையாகத் தயாரிப்பதற்கு உதவும் ஏற்பாடு ஒன்றைச் செய்து தருவதாக வாக்களித்துத்தான் பெற்றார்கள். அவர்களுள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய முதற் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கி வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றோடு, அதிலுள்ள பிழைகள் இன்னின்ன என்று சொல்லும் ஒரு தலைப்பும், அதற்குப் பொறுப்பாளர் யார் என்று காட்டும் ஒரு தலைப்பும் அதில் இருந்தன. தன் சரக்கின் குற்றங்களைத் தானே அச்சில் ஏற்றும் அந்த நேர்மையை இக்காலத்து விற்பனைப் பிரசுரங்களில் தேடிப் பார்க்கலாம், கிடைக்காது. அதைவிட வியப்பான சங்கதி, யூனிக்ஸின் வடிவங்களே கையேட்டின் பதிப்பைக் கொண்டு பெயர் பெற்றன என்பது: 1979-இல் வெளிவந்த ‘ஏழாம் பதிப்பு’ என்பது உண்மையில் கையேட்டின் ஏழாம் பதிப்பு. அந்தக் கையேடுகளைச் செம்மைப்படுத்துவதில் பெரும்பங்கு கொண்ட டக் மெக்கில்ராய், பின்னாளில் அக்காலத்தை நினைவுகூர்ந்தபோது, ஒவ்வொரு பதிப்பும் அச்சுக்குப் போகும் தறுவாயில் ஒரு பரபரப்பு எழும் என்றும், அவலட்சணமான ஓர் அம்சத்தை எழுத்தில் விவரிக்க நேர்ந்தவர்கள், இதை அச்சிட்டுக் காட்டுவதற்கில்லை என்று உணர்ந்து நிரலையே மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். ஆவணம் எழுதுவது வாசகனுக்குச் செய்யும் தர்மம் மட்டுமன்று, நிரலுக்கே செய்யும் பரீட்சை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தச் சம்பிரதாயம் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. ஓப்பன்பிஎஸ்டி இயக்குதளத் திட்டத்தார் கையேட்டிலுள்ள தவற்றை நிரலிலுள்ள பிழைக்கு நிகராகவே கருதித் திருத்துகிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தில், புதிய வசதி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறவர் அதற்குரிய ஆவணத்தையும் உடன் கொண்டுவரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதன் கையேடு எல்லோராலும் மெச்சப்படுவதற்கு இதுவே மூலகாரணம் என்பேன். நல்ல எழுத்தாளர்களைத் தேடிப் பிடிப்பதைக் காட்டிலும், ஆவணம் இல்லாத மாற்றம் முடிவடையாத மாற்றம் என்று வாசலிலேயே நிறுத்திவைக்கும் நியதிதான் முக்கியம்.

ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களிடம் இத்தனை நிர்ப்பந்தம் தகுமா என்பார்கள். சோதனைகளில் தேறாத நிரலை அவர்களிடமிருந்து பொறுப்பான திட்டங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. அதை யாரும் கொடுமை என்று சொன்னதில்லை. நிரலே தன்னை விளக்கிக்கொள்ளும் என்று வாதிப்போரும் உண்டு. நிரல் தான் செய்வதைச் சொல்லும். எதைச் செய்ய உத்தேசித்து எழுதப்பட்டது, வேறு வழிகள் ஏன் கைவிடப்பட்டன என்பதை அது ஒருக்காலும் சொல்லாது. இயந்திரத்தைக் கொண்டே கையேடு எழுதிவிடலாம் என்னும் இக்காலத்து யோசனைக்கும் என் பதில் அதுவே.

ஆனால் எழுத உட்காருகிறவர், யாருக்காக எழுதுகிறோம் என்பதையும் யோசிக்கவேண்டும். டேனியேலே புரோச்சிடா என்பவர் ஆவணங்களை நால்வகையாகப் பிரித்தார்: கற்கத் தொடங்குகிறவருக்கான பாடம், குறிப்பிட்ட காரியத்தை முடிக்க வேண்டியவருக்கான வழிமுறை, ஐயம் நேர்ந்தபோது புரட்டிப் பார்ப்பதற்கான குறிப்பு, பொருளை ஆழ்ந்து அறிய விரும்புவோருக்கான விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் கலந்துவிடுவதால்தான் பல கையேடுகள் எவருக்கும் உதவாமற் போகின்றன.

குறைகளைக் கண்டுபிடிப்பதற்கு மிகவும் தகுதி வாய்ந்தவர் நிபுணர் அல்லர், நேற்று வந்தவர். எந்தப் படியில் வழுக்கியது என்பது அவருக்கே பிரத்தியட்சமாகத் தெரியும். ஆறு மாதத்துக்குப் பின் அவரும் நிபுணராகி அதை மறந்துவிடுவார். நம் பொறியியற் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இத்தகைய புதியவர்கள் திரளாகக் கட்டற்ற மென்பொருள்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். தமிழில் எழுதுவதற்கும் 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் போன்ற களங்கள் இருக்கின்றன. எவரும் பயன்படுத்தாமல் அலமாரியில் உறங்கப்போகும் இறுதியாண்டுத் திட்டங்களுக்கு மதிப்பெண் வழங்கும் பேராசிரியர்கள், புழக்கத்திலுள்ள ஒரு மென்பொருளின் கையேட்டில் ஓர் அத்தியாயத்தைச் சோதித்துத் திருத்தி, அத்திட்டத்தாரின் ஒப்புதலைப் பெற்றுவரும் மாணவருக்கும் அதே மதிப்பெண்ணை வழங்க வரும் கல்வியாண்டிலேயே முன்வரவேண்டும்.