திரையிலே தொழுபவன்



1961இல் பீம்சிங் இயக்கிய ‘பாவமன்னிப்பு’ படத்தில் சிவாஜி கணேசன் ரஹீமாக வந்தார். முஸ்லிம் பெரியவர் வளர்த்த பிள்ளை. முகம் சிதைந்தும் பழிவாங்காதவன். (பிறப்பால் அவன் முஸ்லிமல்ல என்பது வேறு விஷயம்!) 1992இல் ‘ரோஜா’ வந்தது. அதிலே தொழுபவன் ஆள் கடத்தும் தீவிரவாதி. 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை எதிர்த்து முஸ்லிம் அமைப்புகள் திரண்டன. தமிழக அரசு தடை விதித்தது. பிறகு சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டு, பிப்ரவரி 7இல் படம் திரைக்கு வந்தே விட்டது. நியாயமான கோபம்தான். ஆனால் பார்த்தவர் மனதிலிருந்து எதை நீக்கினோம்?

ஏற்காட்டு மலையில் வாழவந்திப் பக்கம் மிளகும் காப்பிக்கொட்டையும் கொள்முதல் செய்யப் போகும் வியாபாரியே! அங்குள்ள விவசாயி முஸ்லிமைக் காண்பது இரண்டே இடங்களில்: திரையில், உங்கள் தராசின் முன்னால். எடைக்கல்லில் குறை வைத்தால் அவர் திரையைத்தான் நம்புவார். அளவில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று தொடங்கும் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதிவிட்டுத்தானே கடை திறக்கிறோம்?

இளைஞர்களே! 2021இல் வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ படத்தில் அப்துல் காலிக்தான் கதாநாயகன்; கலவரத்தைத் தடுக்கப் போராடுகிறான். அதையும் பிறர்தான் எழுதித் தர வேண்டியிருந்தது. கதை எழுதும் நம் பிள்ளையை ‘ஹராம்’ என்று அதட்டி விரட்டினால், நோன்புக் கஞ்சியும் கடன் நோட்டும் உம்மாவின் கவலையும் தெரிந்த கதையை யார் எழுதுவது?