வேகமும் விலையும்: ஓர் இளம் பந்துவீச்சாளரை எப்படி மதிப்பிடுவது?

2010 ஜனவரியில் மைசூரு கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டத்தை இந்நகரத்தார் இன்னும் மறக்கவில்லை. 338 ரன் இலக்கைத் துரத்திய கர்நாடகம் 331 ரன்னில் ஆட்டமிழந்தது. மும்பை 6 ரன் வித்தியாசத்தில் கோப்பையை வென்றது. அந்த ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்ஸில் மும்பையின் ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அபிமன்யு மிதுன். அப்போது அவருக்கு வயது 20. முதல்தர கிரிக்கெட்டில் அதுவே அவருடைய முதல் பருவம். அறிமுக ஆட்டத்திலேயே ஹாட்ரிக் எடுத்தவர், அந்தப் பருவத்தை 47 விக்கெட்டுகளுடன் நாட்டின் முதன்மைப் பந்துவீச்சாளராக முடித்தார்.

அன்றைய நிலையில் அவருடைய மதிப்பு என்ன என்று கேட்டிருந்தால், மைதானத்தில் இருந்த பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் சொல்லியிருப்பர். அதே ஆண்டு ஜூலையில் காலியில் இலங்கைக்கு எதிராக டெஸ்ட் அறிமுகமும் கிடைத்தது. ஆனால் அவர் ஆடிய டெஸ்டுகள் மொத்தம் நான்கு. எடுத்த விக்கெட்டுகள் ஒன்பது. மறுபக்கம், கர்நாடகத்துக்காகப் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்து முந்நூறுக்கும் மேற்பட்ட முதல்தர விக்கெட்டுகளுடன் 2021இல் ஓய்வு பெற்றார். 2010இன் கணிப்பு சரியா, தவறா? இந்தியக் கண்ணோட்டத்தில் அது மிகை. கர்நாடகக் கண்ணோட்டத்தில் துல்லியம். ‘மதிப்பு’ என்னும் சொல், எந்த ஆட்டத்தில், எவ்வளவு காலத்துக்கு என்னும் இரு வினாக்களுக்கு விடை சொல்லாத வரை பொருளற்றது.

இந்த எளிய உண்மையை இந்தியாவில் மிக வேகமாக மறக்கச் செய்தது ஃபேன்டஸி கிரிக்கெட். விளையாட்டின் அமைப்பு எல்லாரும் அறிந்ததே. ஓர் ஆட்டத்தில் மோதும் இரு அணிகளிலிருந்து பதினொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உண்மையான ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கேற்பப் புள்ளிகள் சேரும். கேப்டனுக்கு இரு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. பல ஆண்டுகள் வழக்கில் இருந்த டி20 கணக்கின்படி ஒரு ரன்னுக்கு ஒரு புள்ளி, ஒரு விக்கெட்டுக்கு 25 புள்ளி. மூன்று விக்கெட் எடுத்த பந்துவீச்சாளர், 75 ரன் அடித்த மட்டையாளருக்கு இணையாகிறார். நான்கு ஓவர்தான் வீசுகிறார், அதாவது 24 பந்து. இவ்வளவு குறைந்த பந்துகளில் இவ்வளவு புள்ளிகள் குவியும் இடத்தில் ஏற்றத்தாழ்வு மிகப் பெரிதாக இருப்பது இயல்பு. அந்த ஏற்றத்தாழ்வைத்தான் பயனர்கள் ‘ஃபார்ம்’ என்று அழைக்கிறார்கள்.

மயங்க் யாதவ் இதற்குத் தக்க சான்று. 2024 மார்ச் 30 அன்று லக்னோ அணிக்காக அறிமுகமான அவர், பஞ்சாபுக்கு எதிராக 27 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். வேகம் மணிக்கு 155.8 கிலோமீட்டரைத் தொட்டது. மூன்று நாள் கழித்து பெங்களூருவில் 14 ரன்னுக்கு மூன்று விக்கெட், வேகம் 156.7. இரண்டிலும் ஆட்ட நாயகன். மூன்றாம் ஆட்டத்தில் ஒரே ஓவருடன் காயத்தால் வெளியேறினார். நான்காவதில் மீண்டும் காயம். அந்தப் பருவத்தில் அவர் வீசியவை மொத்தம் 12.1 ஓவர், அதாவது 73 பந்து, விக்கெட் ஏழு.

73 பந்துகளிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? மொழியியல் மாணவர்களுக்கு இந்த வினா புதிதன்று. ஓர் ஒலிச்சேர்க்கையோ தொடரமைப்போ ஒரு மொழியில் உண்டு என்று நிறுவுவதற்கு ஐயத்துக்கு இடமற்ற சில சான்றுகள் போதும். ஆனால் அது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று சொல்வதற்குப் பெரிய தரவகம் வேண்டும். சிறிய தரவகத்தில் ஏழு முறை வந்துவிட்ட ஒரு சொல்லை அம்மொழியின் முதன்மைச் சொற்களில் ஒன்று என்று யாரும் அறிவிப்பதில்லை. உண்மை என்பது ஒன்று, வீதம் என்பது வேறொன்று. இரண்டுக்கும் வேண்டிய சான்றின் அளவும் வேறு.

மயங்க் யாதவின் வேகம் முதல் வகையைச் சேர்ந்தது. மணிக்கு 156 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் தற்செயலாகப் பந்து வீசிவிட முடியாது. அந்த ஆற்றல் அவருக்கு உண்டு என்பதை ஒரே இரவு நிறுவிவிட்டது. அவருடைய விக்கெட் எண்ணிக்கையோ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எதிரில் நின்ற மட்டையாளரின் அவசரம், ஆடுகளத்தின் தன்மை, கேட்ச் பிடித்தவரின் கை ஆகிய அனைத்தும் அதில் கலந்திருக்கின்றன. கிளீன் போல்டுக்கும் எல்.பி.டபிள்யூவுக்கும் தனி ஊக்கப் புள்ளி வைத்த ஃபேன்டஸி தளங்கள், பந்துவீச்சாளருக்கே உரிய பங்கைப் பிரித்தறிய வேண்டும் என்பதை ஓரளவு உணர்ந்திருந்தன. பயனர்களும் வர்ணனையாளர்களும் அந்த வேறுபாட்டைக் கைவிட்டனர். வேகத்தின் உறுதியை விக்கெட்டுகளின் மீது ஏற்றி, ‘இவர் ஆட்டத்துக்கு மூன்று விக்கெட் எடுப்பவர்’ என்னும் முடிவுக்கு வந்தனர்.

அடுத்து நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 2024 அக்டோபர் 6 அன்று குவாலியரில் வங்கதேசத்துக்கு எதிராக மயங்க் இந்திய அணியில் அறிமுகமானார். முதல் ஓவரே மெய்டன். ஐபிஎல் தக்கவைப்பு விதிப்படி, இந்தியாவுக்காக ஆடாத வீரருக்கான அடிப்படைத் தொகை 4 கோடி ரூபாய். ஆடியவருக்கான படிநிலைகளில் மிகக் குறைந்ததே 11 கோடி. அக்டோபர் 31க்குள் பட்டியல் தர வேண்டியிருந்தது. 2022 ஏலத்தில் 20 லட்சத்துக்கு வாங்கப்பட்டிருந்தவரை லக்னோ 11 கோடிக்குத் தக்கவைத்தது. இடைப்பட்ட சில வாரங்களில் அவருடைய பந்துவீச்சு அதற்கேற்ப மாறிவிடவில்லை. அவர் சேர்ந்த வகைப்பாட்டின் பெயர்தான் மாறியது. பெயரிடுதல் பொருளை விவரிப்பதோடு நில்லாமல் விலையையும் உண்டாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. 2025 பருவத்தில் அவரால் ஆட முடிந்தது இரண்டே ஆட்டங்கள். முதுகுக் காயம் அவரை வெளியேற்றியது.

இதை அவருடைய தோல்வியாகப் படிப்பது அநீதி. தவறு மதிப்பீட்டு முறையில் இருக்கிறது. பந்துவீச்சாளரின் மதிப்பு இரு எண்களின் பெருக்கற்பலன்: வீசும்போது எவ்வளவு நன்றாக வீசுகிறார், எவ்வளவு காலம் வீசக்கூடியவராக இருக்கிறார். ஒற்றை ஆட்டத்தை அலகாகக் கொண்ட போட்டியில் இரண்டாம் எண் மறைந்துவிடுகிறது. டாஸ் முடிந்து பட்டியல் வெளியானதும் ‘ஆடுகிறார்’ அல்லது ‘ஆடவில்லை’ என்ற அளவில் அது சுருங்கிவிடுகிறது. காயம்பட்டவரை நீக்கிவிட்டு அடுத்தவரைச் சேர்க்க ஒரு நொடி போதும். அதற்கு எந்த விலையும் இல்லை. விலையில்லாத ஒன்றைக் குறித்து எவரும் சிந்திப்பதில்லை.

இந்த இடத்தில் அமெரிக்க பேஸ்பாலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். ஃபேன்டஸி விளையாட்டின் இன்றைய வடிவம் 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஆக்ரென்ட் என்னும் இதழாளரும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிய ‘ரோட்டிசரி’ லீக்கிலிருந்து வளர்ந்தது. அவர்கள் கூடிப் பேசிய உணவகத்தின் பெயரே விளையாட்டின் பெயராயிற்று. அதன் அலகு ஒரு நாள் ஆட்டமன்று, 162 ஆட்டங்கள் கொண்ட முழுப் பருவம். பிற்காலத்தில் பரவிய சில வகைகளில் வீரரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்தெறிபவர் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் களமிறங்குவார். ஆகவே இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரைத் தம் அணியில் சேர்ப்பவர் சில வினாக்களைத் தவிர்க்கவே முடியாது: இந்த ஆண்டு இவரை எத்தனை இன்னிங்ஸ் எறிய விடுவார்கள்? முழங்கை தாங்குமா? இன்று இவரை வைத்துக்கொள்வதற்கு எந்த முதிர்ந்த வீரரை இழக்க வேண்டும்?

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கின் வரலாறு இவ்வினாக்களுக்கு உயிர் கொடுத்தது. 2010 ஜூன் 8 அன்று தம் முதல் ஆட்டத்திலேயே 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர், அதே ஆண்டில் முழங்கை அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். 2012இல் அவருடைய வாஷிங்டன் அணி முன்னணியில் இருந்தபோதே, 159 இன்னிங்ஸ் கடந்ததும், கையைக் காப்பதற்காக அவரைப் பருவத்திலிருந்து விலக்கியது. அவரில்லாமல் அடுத்த சுற்றில் தோற்றது. அமெரிக்காவே அதைப் பற்றி வாதிட்டது. 2019இல் உலகத் தொடரின் சிறந்த வீரர் விருதை அவர் வென்றபோது அந்த முடிவு சரியென்று தோன்றியது. உடனே ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதன் பிறகு அவரால் ஆட முடிந்தது எட்டே ஆட்டங்கள். முழுப் பருவத்தைக் கணக்கிடும் முறையும் தவறு செய்யும். ஆனால் அது கேட்கும் வினா சரியானது. உடலையும் காலத்தையும் கணக்கில் சேர்க்கும் வினா அது.

வேகப்பந்து வீச்சிலும் இந்த வினாவே அடிப்படை. இருபதுகளின் தொடக்கத்தில் கீழ் முதுகெலும்பு இன்னும் முழு வலுப் பெற்றிருப்பதில்லை. அழுத்த முறிவு இளம் வேகப்பந்து வீச்சாளர்களை மிகுதியாகத் தாக்குவது இதனால்தான். பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் டெஸ்ட் அறிமுகமாகி ஆட்ட நாயகன் ஆனார். அவருடைய அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில் ராஞ்சியில் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல். அந்த இடைவெளியில் அவரை மதிப்பிட்டவர்கள் பெரும்பாலும் பிழை செய்திருப்பர். மைசூருவின் ஜவகல் ஸ்ரீநாத்தும் அப்படிப்பட்ட ஒரு பாடமே. 1991இல் பிரிஸ்பேனில் அறிமுகமானவர், உள்நாட்டில் முதல் டெஸ்ட் ஆட 1994 வரை காத்திருந்தார். 1997இல் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை. கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே டெஸ்டில் 13 விக்கெட் எடுத்தது அதற்குப் பின்னர், 1999இல். இறுதிக் கணக்கு 67 டெஸ்டுகளில் 236 விக்கெட். 1991, 1993, 1997 ஆகிய எந்த ஆண்டில் நின்று பார்த்திருந்தாலும் வேறு வேறு விலைகள் கிடைத்திருக்கும்; எதுவும் இதுவாக இருந்திராது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. முழுத் தரவு கிடைக்கும் வரை காத்திருந்தால் அணிகள் யாரையுமே வாங்க முடியாது. இளம் வீரரை வாங்குவதென்பது எப்போதும் குறைந்த சான்றின் மீது வைக்கும் துணிவு. மறுப்பு நியாயமானது. லக்னோ நிர்வாகம் 11 கோடி கொடுத்ததை மடமை என்று சொல்லிவிட முடியாது. அரிய ஆற்றல் ஒன்று தன்னிடமே இருக்கும் வாய்ப்புக்கு அது கொடுத்த விலை அது. ஆனால் வாய்ப்பின் விலையை ஆட்டத்தின் விலையாகப் படிப்பதுதான் பிழை. ஓர் அணி நிர்வாகத்துக்கு மருத்துவரும், உடற்பயிற்சியாளரும், இழப்பைத் தாங்கும் நிதியும் உண்டு. விடுதி அறையில் கைப்பேசியுடன் அமர்ந்து 49 ரூபாய் கட்டிய மாணவருக்கு இவற்றுள் எதுவும் இருந்ததில்லை. 11 கோடி என்னும் எண்ணை மட்டும் அவர் பார்த்தார்; அதையே சான்றாகக் கொண்டார்.

நீதிமன்றங்கள் இந்த விளையாட்டைக் காப்பாற்றியதும் அறிவின் பெயரால்தான். 2017இல் பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம், அணியைத் தேர்ந்தெடுக்கப் பெருமளவு திறன் வேண்டும் என்று ஏற்றது. கர்நாடகம் 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2022 பிப்ரவரியில் மாநில உயர்நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்னும் வேறுபாட்டையே ஒதுக்கிவைத்துப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. அச்சட்டத்தின் நன்மை தீமை தனி விவாதம். ஆனால் ‘திறன்’ என்னும் வாதத்தின் உள்ளடக்கத்தை இப்போது அமைதியாக ஆராயலாம். ஒரு முடிவு திறனால் விளைந்ததா என்பதை அறிய, அதைப் பலமுறை திரும்பச் செய்து பார்க்கும் காலம் வேண்டும். ஒற்றை இரவின் 24 பந்துகளில் திறன் இருந்தாலும் அதைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காட்ட இயலாது. பருவம் முழுதும் ஆடும்போதுதான் அது வெளிப்படும்.

பணம் விலகிய இந்த வேளை, பல்கலைக்கழகங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. புள்ளியியல், விளையாட்டு அறிவியல், மொழியியல் துறைகளின் மாணவர்கள் பணமின்றித் தங்களுக்குள் ஒரு பருவ லீக் நடத்தலாம். விதிகள் மூன்று போதும். வாங்கிய வீரரைப் பருவம் முடியும்வரை மாற்றக் கூடாது. காயத்தால் தவறிய ஆட்டங்களும் கணக்கில் வர வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னதாகவே காரணத்தை எழுதி வைத்து, பருவ முடிவில் எல்லார் முன்னும் படிக்க வேண்டும். மூன்றாவது விதியே முதன்மையானது. நடந்ததற்குப் பிறகு காரணம் கற்பிக்கும் வழக்கத்தை அது தடுக்கும்.

அப்படி எழுதத் தொடங்கும் மாணவர், ‘வேகம் 156’ என்பதோடு நிறுத்த முடியாது. வயது, முந்தைய காயம், சென்ற ஆண்டில் வீசிய மொத்த ஓவர், இரு ஆட்டங்களுக்கு இடையேயான ஓய்வு ஆகியவற்றையும் எழுத வேண்டியிருக்கும். எழுத எழுத, புள்ளி தரும் பெயராக மட்டும் இருந்தவர் முதுகெலும்பும் தோள்பட்டையும் உடைய ஓர் இளைஞராகத் தெரியத் தொடங்குவார். ஒருவரை மதிப்பிடுவதற்கும் மதிப்பதற்கும் தமிழில் வேர் ஒன்றுதான்.