எந்த மொழியில் போடட்டும், தாத்தா?

சினிமா விமரிசனம் எழுதும் தகுதி எனக்குக் கிடையாது. காமிரா கோணம், எடிட்டிங் பற்றியெல்லாம் ஒன்றும் தெரியாது. 1972-ல் திருநெல்வேலியிலிருந்து சுருக்கெழுத்துச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய எத்தனையோ ஸ்டெனோக்களில் நானும் ஒருவன். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் உட்கார்ந்து படமும் டி.வி.யும் பார்த்து வருகிறேன். அந்த ஒரு யோக்கியதையில்தான் இதை எழுதுகிறேன். நான் நல்ல படம் என்பதை நீங்கள் குப்பை என்று சொல்லலாம். சொல்லுங்கள், சண்டை போடுவோம். சங்கத்தில் வேறு எதற்குத்தான் கூடுகிறோம்?

முதலில் ஒரு பழைய கணக்கு. 1968-ல் வந்த 'படோசன்' படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுனில் தத், சாயிரா பானு, கிஷோர் குமார். ஆர்.டி. பர்மனின் இசை. அதில் மெஹ்மூத், மாஸ்டர் பிள்ளை என்ற தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வருவார். குடுமியும் வேட்டியுமாக அவர் போடும் கூச்சலும், கிஷோர் குமாரோடு நடக்கும் பாட்டுப் போட்டியும் இன்றைக்கும் பிரசித்தம். மெஹ்மூதுக்காக மன்னா டே பாடியிருப்பார். போட்டியில் தோற்பது மாஸ்டர்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை டி.வி.யில் அதைப் போட்டார்கள். செம்பூரில் நாங்கள் இருந்த சாலில் அப்போது மூன்று வீட்டில்தான் டி.வி. உண்டு. எங்கள் வீட்டில் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் மகனுக்கு 'மாஸ்டர் பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனுக்கு வயது ஒன்பது. அவன் வாயைத் திறந்தால் போதும், நாலு பையன்கள் 'அய்யய்யோ' என்று தலையை ஆட்டுவார்களாம். ஒரு வாரம் கழித்து அவன் தன் அம்மாவிடம், "ரோட்டுல என்னைத் தமிழ்ல கூப்பிடாதேம்மா" என்று சொல்லியிருக்கிறான். அவள் அன்று ராத்திரி அதை என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மெஹ்மூத் பெரிய நடிகர், அதில் சந்தேகமில்லை. கேலி செய்வதும் சினிமாவுக்குப் புதிதல்ல. என் குறை வேறு. அந்த மாஸ்டர் தன் பாஷையில் நிம்மதியாக நாலு வார்த்தை பேசுவதற்கு ஒரு ஆளைக்கூடப் படத்தில் வைக்கவில்லை. தன் வீட்டில் தன் மொழியில் பேசும்போது எந்த மனிதனும் கோமாளியாக இருப்பதில்லை. அந்த ஒரு காட்சி இருந்திருந்தால் என் மகனுக்கு அந்தப் பெயர் விழுந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

பாலசந்தருக்கு இது தெரிந்திருந்தது. 1981-ல் 'ஏக் தூஜே கே லியே' வந்தபோது இந்த ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. கமலின் வாசு ஒரு தமிழ்ப் பையன், தட்டுத்தடுமாறித்தான் ஹிந்தி பேசுவான். ஆனால் அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து யாரும் அவனைத் தாழ்வாக நினைக்கவில்லை, காதல்தான் செய்தார்கள். ஹிந்திப் படங்களின் பெயர்களையே கோத்து அவன் பாடும் பாட்டு ஒன்றும் உண்டு. அவனுக்குக் குரல் கொடுத்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அந்தப் படத்துக்காக தேசிய விருது கிடைத்தது. முடிவுதான் எனக்குப் பிடிக்காது. இரண்டு பேரையும் சாகடித்தால்தான் இரண்டு மொழியும் சமாதானமாகும் என்பது போல.

தூர்தர்ஷன் பற்றி இப்போது யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. நான் சொல்வேன். சங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்' தொடர் 1986-87-ல் வந்தது. ஆர்.கே. நாராயணின் கதைகள், அவர் தம்பி லக்ஷ்மணின் சித்திரங்கள், எல்.வைத்தியநாதனின் இசை. ஹிந்தியில்தான் பேசினார்கள், ஆனாலும் அது நம் ஊர். திண்ணை, வேட்டி, கண்டிப்பான அப்பா, கதை சொல்லும் பாட்டி. யாரும் 'அய்யய்யோ' என்று தலையை ஆட்டவில்லை. படப்பிடிப்பு நடந்தது கர்நாடகத்து ஆகும்பேயில் என்பதெல்லாம் எங்கள் சால் பையன்களுக்குத் தெரியாது. "உங்க ஊர்ல ஆறு இப்படித்தான் இருக்குமா?" என்று என் மகனிடம் கேட்டார்கள். அவனும் தாமிரபரணியைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்துவிட்டான். முதலை இருக்கிறது என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். பாலர் நாவலின் ஒரு சுவாமிநாதன், என் மகனுக்கு அவன் பெயரைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிறமொழிப் படம் போடுவார்கள். தமிழ் முறை எப்போது வரும் என்று மாதக்கணக்கில் காத்திருப்போம். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அப்படித்தான் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைப் பார்த்தோம். 1988-ல் வந்த படம். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. பாட்டுக் கிடையாது, சண்டை கிடையாது. ஆபீசுக்குப் போகும் ஒரு பெண், கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை.

பக்கத்து ரூம் மராத்தியம்மா அன்று எங்களோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கில எழுத்தும் படிக்கத் தெரியாது. முதல் பத்து நிமிஷம் என் மனைவி காதோடு காதாக மராத்தியில் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். சிமெண்ட் திருடும் காண்டிராக்டர் யார் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, அரைகுறையாய் நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போய், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அந்த இடத்தில் மராத்தியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பத்துக்குப் பத்து ரூமில் ஆறு பேர் இருந்த குடும்பம் அவர்களுடையது. படம் முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கடைசியில் அந்த நிலம் அவளுக்குக் கிடைத்ததா, இல்லையா?" எங்களுக்கும் தெரியாது என்றோம். படம் அப்படித்தான் முடிகிறது.

அன்று 'வீடு' தமிழில்தான் ஓடியது. அதை யாராவது மராத்தியில் டப்பிங் செய்து போட்டிருந்தால் அவர் இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பாரா? நான் அப்படி நினைக்கவில்லை. எங்களைப் பற்றி அன்று ஏதோ ஒன்று அவருக்குப் புதிதாகத் தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து என் மனைவியிடம் "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார்.

நம் ஊர்க்காரர்கள் பம்பாயைக் காட்டிய படங்கள் தனி. 'நாயகன்' (1987) எப்பேர்ப்பட்ட படம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு ஊருக்குப் போனால், "தாராவியில எல்லாரும் அப்படித்தானா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. தோல் பதனிடுகிறவர், இட்லி விற்கிறவர், என் போல் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு கோட்டைப் பகுதி ஆபீசுக்குப் போன ஸ்டெனோ, இவர்களை வைத்து யார் படம் எடுக்கப்போகிறார்கள்? ஹிந்திக்காரர்களும் 1990-ல் 'அக்னிபத்'தில் ஒரு இளநீர்க்காரரைக் கொடுத்தார்கள். மிதுன் சக்கரவர்த்திக்கு அதில் பரிசும் கிடைத்தது. லுங்கியும் உச்சரிப்பும் போக அந்த மனிதரிடம் நல்ல மனசு இருந்தது, அதனால் மன்னித்துவிட்டேன். 2018-ல் வந்த 'காலா'வில் எனக்குப் பிடித்தது சண்டையோ அரசியலோ அல்ல. ஈஸ்வரி ராவ் திருநெல்வேலித் தமிழில் புருஷனைத் திட்டும் இடங்கள்தான். தாராவியில் அப்படிப்பட்ட வீடுகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

1993-ல் சன் டி.வி. தொடங்கியது. பிறகு கேபிள்காரர் தயவில் எங்கள் பேட்டைக்கும் தமிழ் வந்தது. சீரியல்கள் குடும்பத்தைக் கெடுக்கின்றன என்று மேடையில் பேசுவது சுலபம், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் மராத்திப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரோடு உட்கார்ந்து 'மெட்டி ஒலி' பார்த்துப் பார்த்துத்தான் தமிழ் கற்றுக்கொண்டாள். அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அவள் தமிழில் முழுதாகப் பேசிய முதல் வாக்கியமே ஒரு சாபம். பால்காரர் திகைத்துப் போய்விட்டார். இப்போது பேரன் தமிழைப் புரிந்துகொள்கிறான் என்றால் அதற்கு அவள்தான் காரணம், என் மகன் அல்ல. ஒன்பது வயதில் விட்டதை அவன் முழுசாகத் திரும்ப எடுக்கவே இல்லை.

டப்பிங் விஷயத்துக்கு வருகிறேன். 1992-ல் வந்த 'ரோஜா'வைத் தமிழில் பார்த்தவர்களுக்குத் தெரியும். புருஷனைத் தீவிரவாதிகள் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். காஷ்மீரில் அந்தக் கிராமத்துப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாது. போலீஸிடம் தமிழிலேயே கதறுகிறாள், யாருக்கும் விளங்கவில்லை. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதே படத்தை ஹிந்தியில் டப்பிங் செய்தபோது அவளும் ஹிந்தி பேசுகிறாள், போலீஸும் ஹிந்தி பேசுகிறது. பிறகு எதற்கம்மா இந்த அழுகை? என் ஆபீஸ் நண்பர் ஒருவர், "பாட்டெல்லாம் பிரமாதம், ஆனா அந்தப் பொண்ணு ஏன் அவ்வளவு தவிக்கிறா?" என்று கேட்டார். 1972-ல் ரேஷன் கார்டுக்காக ஒரு ஜன்னல் முன்னால் நின்று, ஹிந்தியும் வராமல் மராத்தியும் வராமல், பின்னால் இருந்தவர்கள் 'மதராஸி, தள்ளு' என்று சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான். அந்தத் தவிப்பை அவருக்கு எப்படி விளக்குவது?

இதைச் சொல்கிற நானே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திருநெல்வேலி கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, 'நம்பள்கி நிம்பள்கி' என்று பேசும் சேட்டைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவனும் நான்தான். அவருக்கும் படத்தில் வீடு இல்லை, வட்டிக்கடை மட்டும்தான். அவர் பிள்ளை சவுகார்பேட்டையில் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் வாங்கினானோ.

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தது. நல்ல படம், இருளர் மக்களுக்கு நேர்ந்த கொடுமையைத் தைரியமாகச் சொன்ன படம். நானும் மனைவியும் தமிழில் பார்த்துக்கொண்டிருந்தோம். பேரன் அதை ஏற்கெனவே தன் போனில் ஹிந்தியில் பார்த்துவிட்டு, சும்மா எங்களோடு வந்து உட்கார்ந்தான். பிரகாஷ்ராஜ் விசாரிக்கும்போது அடகுக் கடைக்காரர் ஹிந்தியில் பேசுகிறார். பளாரென்று ஒரு அறை. தமிழில் பேசச் சொல்கிறார் அதிகாரி. பேரன் எழுந்து உட்கார்ந்தான். "இது அங்க இப்படி இல்லையே தாத்தா. உண்மையைச் சொல்லுன்னுதானே அடிப்பாரு?" என்றான். ஹிந்தி டப்பிங்கில் அப்படி மாற்றியிருக்கிறார்கள்.

தெரிந்துகொண்டே தப்பிப்பதற்காக வேறு பாஷை பேசுகிறான், அதனால் அடித்தார் என்று அவனுக்குச் சமாதானம் சொன்னேன். சொன்னேனே தவிர, அந்த அறை என் கன்னத்திலும் லேசாக விழுந்த மாதிரிதான் இருந்தது. 1966-க்குப் பிறகு இந்த ஊரில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய கோஷங்களை, எனக்கு முன்னால் வந்தவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். என் மருமகளின் பாஷையைப் பேசச் சொல்லி யாராவது என் பேரனை ரயிலில் அறைந்தால் நான் கைதட்டுவேனா? தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கலாம், அவர்கள் நியாயம் அவர்களுக்கு. ஆனால் அதை ஹிந்தியில் மறைத்ததையும் நான் ஏற்கமாட்டேன். கோபம் இருக்கிறதென்றால் அதை அந்தப் பக்கத்துக்காரரும் பார்க்கட்டும், வாதாடட்டும். ஆளுக்கொரு மொழியில் ஆளுக்கொரு படம் காட்டி அனுப்பிவிட்டால், ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் பேரனும்கூட ஒரே படத்தைப் பார்த்ததாக ஆகாது.

'சென்னை எக்ஸ்பிரஸ்' (2013) பற்றி என் நண்பர்கள் பலருக்குக் கோபம். தீபிகாவின் உச்சரிப்பு எனக்கும் காதைக் குடைந்தது. ஆனால் சத்யராஜும் அவர் ஆட்களும் பேசும் தமிழை அர்த்தம் போடாமல் அப்படியே விட்டிருந்தார்கள். ஷாருக் கான் முழிக்க, கொட்டகை முழுக்க முழிக்க, எங்கள் வரிசை மட்டும் முன்கூட்டியே சிரித்தது. முன் வரிசைக்காரர் திரும்பி, "என்ன சொன்னான்?" என்று என் மகனிடம் கேட்டார். அவன் சொன்னான். கொஞ்சம் தப்பாகத்தான் சொன்னான், நான் திருத்தவில்லை.

இப்போது ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் ரிமோட் பேரன் கையில். படம் தொடங்குமுன் மொழிப் பட்டியலைத் திறந்து, "எந்த மொழியில் போடட்டும், தாத்தா?" என்று கேட்கிறான். எடுத்த மொழியில் போடு, கீழே எழுத்து ஓடட்டும் என்பேன். மலையாளப் படத்துக்கும் அதுதான், மராத்திப் படத்துக்கும் அதுதான். மெதுவாகப் படிக்கிற என் மனைவிக்கு இது பிடிப்பதில்லை. போன வாரம் 'ரோஜா'வைத் தமிழில் போட்டோம். பாதியில் மின்சாரம் போய்விட்டது. மீதி இந்த ஞாயிற்றுக்கிழமை. பேரன் அதற்குள் போனில் ஹிந்தியில் பார்த்துவிடாமல் இருக்க வேண்டும்.