நினிவேயைக் காத்தது லண்டன் அல்ல

பழைய ஏற்பாட்டு நகரங்களின் இடிபாடுகள் பற்றிச் சென்ற மாத இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இது: நினிவே, பாபிலோன், காலாகு ஆகிய நகரங்களின் செல்வங்களை ஐரோப்பியர் எடுத்துச் சென்றதால்தான் அவை இன்று மிஞ்சியிருக்கின்றன, அந்த மண்ணின் மக்களுக்கு அவற்றின் அருமை தெரியாது, 2015-இல் ஐஎஸ் அமைப்பினர் காலாகுவின் இடமான நிம்ருத்தைத் தகர்த்ததே அதற்குச் சாட்சி, எனவே ஈராக் அவற்றைத் திருப்பிக் கேட்பது நன்றிகெட்ட செயல். நம் வாசகர்களில் பலர் இந்த நகரங்களின் பெயர்களைச் சிறுவயதிலிருந்தே வேதாகமத்தில் படித்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் இப்படியொரு வாதத்தை வரலாறு என்று கொடுத்திருப்பதை மன்னிக்க முடியாது. அது சான்றுகளுக்கு முன் நிற்காது.

கட்டுரையாளர் முழுக்க நம்புவது ஐரோப்பா தந்த பாதுகாப்பை. அந்தப் பாதுகாப்பின் லட்சணத்தைப் பெர்லினில் பார்க்கலாம். சிரியாவின் வடகிழக்கிலுள்ள தெல் ஹலாஃப்தான் வேதாகமத்தின் கோசான். அசீரியர் இஸ்ரவேலரைச் சிறைபிடித்துக் குடியேற்றியதாக 2 இராஜாக்கள் நூல் சொல்லும் பகுதி அது. அங்கே ஜெர்மானியரான மாக்ஸ் ஃபான் ஓப்பன்ஹைம் தோண்டியெடுத்த பசால்ட் கல் சிலைகள் பெர்லினுக்குப் போயின. 1930-இல் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை அவர் திறந்தார். 1943 நவம்பரில் அதன்மேல் குண்டு விழுந்தது. தீயில் பழுத்திருந்த கல்லின்மீது தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சியதும் சிலைகள் வெடித்துச் சிதறின. சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அடியோடு அழிந்தன. பொறுக்கிச் சேர்த்த துண்டுகள் சுமார் 27,000. அவை பல பத்தாண்டுகள் நிலவறையில் கிடந்தன. ஒட்டிச் சேர்க்கும் வேலை 2001-இல்தான் தொடங்கியது. ஏறக்குறைய 3,000 ஆண்டுகள் மண்ணுக்கடியில் இருந்த சிலைகள் பெர்லினில் 13 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கவில்லை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

குர்னா பேரிழப்பைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. 1855 மே மாதம், குர்சபாத்திலும் நினிவேயிலும் பாபிலோனிலும் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்தவை 200-க்கும் மேற்பட்ட பெட்டிகளில் ஆற்றுவழியே பாரீசுக்குப் புறப்பட்டன. குர்சபாத் என்பது, ஏசாயாவின் புத்தகத்தில் ஒரே ஒருமுறை பெயர் வரும் சர்கோனின் தலைநகரம். டைக்ரிஸும் யூப்ரடீஸும் கூடும் குர்னாவுக்கு அருகே கொள்ளையர் தாக்க, பெட்டிகளில் பெரும்பகுதி தண்ணீரில் மூழ்கியது. மீண்டவை கொஞ்சம், மற்றவை இன்றுவரை கிடைக்கவில்லை. தாக்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தானே என்று கட்டுரையாளர் கேட்கலாம். அரண்மனைச் சுவரில் பதிந்திருந்த சிற்பத்தைப் பெயர்த்து, போதிய காவலில்லாத படகில் ஏற்றி, கலகம் நடந்துகொண்டிருந்த பகுதி வழியாக அனுப்பியது யார் என்பதற்கு முதலில் அவர் பதில் சொல்லட்டும்.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தவையும் முழுமையாகப் போகவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கும் குர்சபாத்தின் சிறகுக் காளைகள், தூக்கிச் செல்ல வசதியாக ரம்பத்தால் துண்டுதுண்டாக அறுக்கப்பட்டவை. காலாகு நகரமான நிம்ருத்தின் புடைப்புச் சிற்பப் பலகைகள் எடை குறைவதற்காகப் பின்புறம் அறுத்து எறியப்பட்டன. பிறகு அவை பல நாடுகளின் அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பங்கிடப்பட்டன. ஒரே மன்னனின் ஒரே அரண்மனையைப் பார்க்க இன்று கண்டம் விட்டுக் கண்டம் போக வேண்டும். ஓர் அரண்மனையின் சுவர்கள் எந்த வரிசையில் எதைச் சொல்ல நின்றனவோ, அந்த வரிசையைக் குலைத்தவர்களை அதன் காவலர்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது?

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மியூசியமே தன் சேமிப்பிலிருந்து ஏராளமான பொருட்கள் காணாமல்போனதாகவும் சேதப்பட்டதாகவும் அறிவித்தது. எண்ணிக்கை சுமார் 2,000. எச்சரிக்கை முன்பே வந்தும் சரியாக விசாரிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு இயக்குநர் பதவி விலகினார். தன் அலமாரியில் என்ன இருக்கிறது என்பதற்கே முழுக் கணக்கு வைத்திராத நிறுவனம் அது.

அடுத்து, மண்ணின் மக்களுக்கு அருமை தெரியாது என்ற அவதூறு. நினிவேயில் அசீரிய மன்னன் அசூர்பனிபாலின் அரண்மனையை 1853-இல் கண்டுபிடித்தவர் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம், மோசூலில் பிறந்த கல்தேயக் கிறிஸ்தவர். இன்று லண்டனின் பெருமையாகக் காட்டப்படும் சிங்க வேட்டைச் சிற்பங்களும் கில்காமேஷ் காவியத்தின் களிமண் ஏடுகள் பலவும் அவர் தோண்டியபோது கிடைத்தவை. அவருக்குக் கிடைத்த மரியாதை என்ன? பிரிட்டிஷ் மியூசியத்தின் வாலிஸ் பட்ஜ், ரஸ்ஸாமின் உறவினர்கள் அகழ்விடங்களிலிருந்து பொருட்களைக் கடத்தி விற்க அவர் உடந்தையாக இருந்தார் என்று பேசினார். ரஸ்ஸாம் அவதூறு வழக்குப் போட்டு 1893-இல் வென்றார். அவருக்குக் கிடைத்த இழப்பீடு 50 பவுண்டு. கட்டுரையாளரோ நிம்ருத்தைத் தோண்டிய ஆங்கிலேயரான லேயார்டின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ரஸ்ஸாமின் பெயரை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை.

1980-களின் இறுதியில் நிம்ருத் அரண்மனையின் தரைக்கடியில் அசீரிய அரசிகளின் கல்லறைகளைக் கண்டுபிடித்தவர் முஸாஹிம் மஹ்மூத் ஹுசைன் என்ற ஈராக்கியத் தொல்லியலாளர். நடந்துகொண்டிருந்தபோது ஓரிடத்தில் தரைச் செங்கற்கள் மாறுபாடாகத் தெரிந்ததைக் கவனித்து அகழ்ந்தார். கீழே நிலவறைகள் இருந்தன. அங்கே கிடைத்த பெயர்களில் யாபா, அத்தாலியா என்ற இரு அரசிகள் முக்கியமானவர்கள். முன்னவர் திகிலாத்பிலேசரின் மனைவி, பின்னவர் சர்கோனின் மனைவி. இரு மன்னர்களும் வேதாகமம் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவர்கள். கிரீடங்கள், காப்புகள், கழுத்தணிகள் என்று பொன் குவிந்து கிடைத்தது. லேயார்ட் தோண்டிய அதே அரண்மனையில், அவர் கால்படாமல் தப்பிய இடத்தில் கிடைத்த புதையல் இது.

அந்தப் புதையலைக் காப்பாற்றியதும் ஈராக்கியர்தான். வளைகுடாப் போருக்கு முன்பே அதைப் பெட்டியிலிட்டுப் பாக்தாத் மத்திய வங்கியின் நிலவறையில் வைத்தார்கள். 2003 ஏப்ரலில் நகரம் வீழ்ந்தபோது நிலவறையில் தண்ணீர் புகுந்தது. வாரக்கணக்கில் தண்ணீரை இறைத்த பிறகு ஜூன் மாதம் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, பொன் அப்படியே இருந்தது. சிரியாவில் பல்மைராவை, சாலொமோன் கட்டியதாகச் சொல்லப்படும் தத்மோரை, வாழ்நாள் முழுதும் காத்த காலித் அல்-அசாத் 2015 ஆகஸ்டில் எண்பது வயதைக் கடந்த நிலையில் ஐஎஸ் கையால் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். இவர்களுக்கா அருமை தெரியாது?

ஐஎஸ் செய்த நாசத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2014 ஜூலையில் யோனாவின் பெயரால் மோசூலில் நின்ற பள்ளிவாசலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடுத்த ஆண்டு மோசூல் அருங்காட்சியகத்தையும் நிம்ருத் அரண்மனையையும் உடைத்தார்கள். ஆனால் அந்தக் கும்பலின் குற்றத்தை ஈராக்கிய மக்களின் தலையில் கட்டுவது அநியாயம். அதன் கொடுமைக்கு முதல் பலி அவர்களே. மோசூல் அருங்காட்சியகம் உடைக்கப்படும் காணொளி வெளியான சில நாட்களிலேயே, 12 ஆண்டுகளாக மூடிக்கிடந்த பாக்தாத் தேசிய அருங்காட்சியகத்தைத் திறந்து அவர்கள் பதில் சொன்னார்கள்.

அந்த அருங்காட்சியகம் ஏன் மூடிக்கிடந்தது? 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை நகருக்குள் இருந்தபோதே அது சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருட்கள் களவுபோயின. எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் போட்டவர்கள் அருங்காட்சியகத்தைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு பாபிலோன் இடிபாடுகளின் மேலேயே படைமுகாம் அமைத்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜான் கர்ட்டிஸ் நேரில் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறார்: கனரக வண்டிகள் ஏறி நொறுங்கிய 2,600 ஆண்டுப் பழைமையான செங்கல் தளம், தொல்படிவுகளைக் கிழித்துத் தோண்டிய பதுங்குகுழிகள், பழம்பொருட்கள் கலந்த மண்ணை அள்ளி நிரப்பிய மணல் மூட்டைகள், இஷ்தார் வாசலில் அங்கேயே எஞ்சியிருந்த பகுதியின் டிராகன் உருவங்களில் பெயர்க்கப்பட்ட செங்கற்கள். நேபுகாத்நேச்சாரின் நகரத்துக்கு இதைச் செய்த படைகளை அனுப்பிய நாடுகளிடமா அதன் பாதுகாப்பை ஒப்படைக்கச் சொல்கிறார் கட்டுரையாளர்?

ஈராக்கிலிருந்து களவுபோகும் பொருட்கள் எங்கே போகின்றன? அமெரிக்காவின் ஹாபி லாபி நிறுவனம் வாங்கிய ஈராக்கியக் களிமண் ஏடுகள் ஓட்டு மாதிரிகள் என்று பொய்யான விவரச்சீட்டு ஒட்டி இறக்கப்பட்டன. 2017-இல் 30 லட்சம் டாலர் கட்ட அது ஒப்புக்கொண்டது. அதே நிறுவனம் 16 லட்சம் டாலருக்குமேல் கொடுத்து வாங்கிய கில்காமேஷ் கனவு ஏடு, வாஷிங்டனின் வேதாகம அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க அரசு அதைப் பறிமுதல் செய்து 2021-இல் ஈராக்கிடம் ஒப்படைத்தது. வாங்க ஆள் இருப்பதால்தான் திருட்டு நடக்கிறது. வாங்குகிறவர் பக்திமானாக இருந்தாலும் பொருள் திருட்டுப் பொருள்தான்.

கடைசியாக, எல்லாம் அனுமதியோடுதான் எடுக்கப்பட்டன என்ற வாதம். லேயார்டுக்கு அனுமதி கொடுத்தது இஸ்தான்புல்லிலிருந்து ஆண்ட ஒட்டோமான் அரசு. கண்டெடுத்தவற்றில் வெளிநாட்டுக் குழுக்களுக்குப் பங்கு கொடுத்த 1924-ஆம் ஆண்டுச் சட்டம், ஈராக் பிரிட்டனின் ஆணையின்கீழ் இருந்தபோது ஜெர்ட்ரூட் பெல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி முன்னின்று உருவாக்கியது. ஈராக் விடுதலை பெற்று, சாத்தி அல்-ஹுஸ்ரி தொல்லியல் துறைக்குப் பொறுப்பேற்ற பின், 1936-இல் புதிய சட்டம் வந்து அந்தப் பங்கீட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எடுப்பவனே சட்டம் எழுதினால் அதற்குப் பெயர் அனுமதி ஆகாது.

ஈராக்கியர் தரப்பில் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாபிலோனின் செங்கற்கள் ஹில்லாவின் வீடுகளுக்குப் போனது உண்மை. சதாம் உசேன் 1980-களில் பழைய அடித்தளத்தின் மேலேயே தன் பெயர் பொறித்த செங்கற்களை அடுக்கியது தொல்லியலுக்குச் செய்த துரோகம். ஆனால் ரோமின் கொலோசியத்தையும் அந்நகரத்தார் கல் குவாரியாக்கினார்கள். அதற்காக இத்தாலியின் செல்வங்களை வேறு நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எவரும் எழுதுவதில்லை. அந்த அளவுகோல் ஈராக்குக்கு மட்டும் ஏன்?

பாபிலோனிலிருந்து ஜெர்மனிக்குப் போன இஷ்தார் வாசலை 2002-இலேயே ஈராக் கேட்டது. அது இன்னும் பெர்லினில்தான் இருக்கிறது. கேட்டவர்கள் நன்றிகெட்டவர்கள் அல்லர், சொந்தக்காரர்கள். கட்டுரையாளர் தம் வாதத்தைத் திரும்பப் பெற வேண்டும். ரஸ்ஸாமையும் முஸாஹிமையும் அல்-அசாத்தையும் மறைத்து எழுதியதற்கு வாசகரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நினிவேயின் பொருட்கள் நினிவேயின் மக்களுக்கே உரியவை.