லாபம் நாட்டுக்கு, நட்டம் நமக்கா?

பழுப்பு நிலக்கரி தோண்டி நாட்டுக்கு விளக்கேற்றும் நெய்வேலித் தோழர்களில் பலர், பழைய மோட்டார் சைக்கிளில்தான் ஷிப்டுக்குச் செல்கின்றனர். அவ்வண்டிக்கு இன்று கிடைப்பதோ, நூற்றுக்கு 20 எத்தனால் கலந்த பெட்ரோல்!

கரும்பு விவசாயிக்குப் பயன், அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறார்கள். நாம் மறுக்கவில்லை. ஆனால் எத்தனாலின் எரிசக்தி, பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய இருசக்கர வண்டியின் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையுமென 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே கூறிற்று. ஈரத்தை ஈர்க்கும் எத்தனால், ரப்பர் வாஷரையும் கெடுக்கக்கூடும்.

கலப்பில்லாத பெட்ரோலும் வேண்டுமென்ற வழக்கை 2025 செப்டம்பர் 1-இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எஞ்சியது ஒரே கேள்வி: மைலேஜ் குறைகிறதே, விலை குறைந்ததா? குறையுங்கள் என்கிறோம்! மிச்சத்தில் உழைப்பாளிக்கும் பங்குண்டு!