பதிவு செய்யலாம், விற்கக் கூடாது

கச்சேரியைப் பதிவு செய்யாதீர்கள் என்று அறிவிக்கும் அரங்குகளைத்தான் நமக்குத் தெரியும். அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' ராக் குழு, 1984இல் பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. நாடாக்களைப் பரிமாறிக்கொள்ளலாம், காசுக்கு விற்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

1965இல் கலிபோர்னியாவில் தொடங்கிய குழு இது. ஜெர்ரி கார்சியாவும் நண்பர்களும் ஒரு பாடலை இன்று வாசித்தது போல் நாளை வாசிக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு இரவின் பதிவுக்கும் தனி மதிப்பு.

ரசிகர்கள் அதிகம் கொண்டாடுவது 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரியை. அதைப் பதிவு செய்தவர் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேண்டர் ஜாக்சன். அவருடைய நாடாக்கள் இருந்த சேமிப்பறைக்கு வாடகை கட்டப்படாததால், 1986இல் அவை ஏலத்துக்குப் போயின. பிறகு பிரதிகள் ரசிகர்களிடையே கைமாறின. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இப்பதிவைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. முறையான இசைத்தட்டு வந்ததோ 2017இல்தான்!

அந்தக் கச்சேரியில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாடல் நிற்காமல் 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாடலுக்குள் நழுவும் இடம் எனக்குப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல்.

கார்சியா 1995இல் காலமானார். அந்த இரவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. இலவசமாகக் கொடுத்தால் கலைஞன் நஷ்டப்படுவான் என்பவர்களிடம் நான் இந்தக் குழுவைத்தான் உதாரணம் காட்டுவேன்.