மூட்டையின் அடியில் இருப்பது

எங்கள் வாப்பா சில்லறைக் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை அரிசி மூட்டையொன்று மழையில் நனைந்துவிட்டது. நனைந்ததை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே பரப்பலாமே என்றார் கடையில் வேலை செய்தவர். வாப்பா நனைந்ததைப் பிரித்தெடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் வைத்து விலையைக் குறைத்தார். நபிகளார் சந்தையில் கற்பித்த பாடம் அது என்று பிறகு எனக்குச் சொன்னார்.

உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் எனக்கு, பெரிய கம்பனிகளைப் பற்றி வாசிக்கும்போது அந்த மூட்டைதான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்க எண்ணெய்க் கம்பனியான எக்சனை எடுத்துக்கொள்வோம். எரிபொருளை எரிப்பதால் காபனீரொட்சைட்டு கூடி பூமி வெப்பமடையும் என்று அதன் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977 இலேயே மேலதிகாரிகளுக்கு விளக்கினார். அக்கம்பனி விஞ்ஞானிகளின் கணிப்புகளில் பெரும்பாலானவை பலித்திருப்பதை 2023 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் 1997 இல், கியோட்டோ உடன்படிக்கை உருவாகவிருந்த வேளையில், அதன் தலைவர் லீ ரேமண்ட் பெய்ஜிங்கில் என்ன பேசினார்? இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடப் பூமி குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்!

எக்சன் அங்கம் வகித்த 'உலகக் காலநிலைக் கூட்டணி' என்ற தொழில் அமைப்பும் அவ்வுடன்படிக்கையை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. பெயரைக் கேட்டால் காலநிலையைக் காக்க வந்தவர்கள் என்றே எண்ணத் தோன்றும். 2001 இல் அமெரிக்கா அவ்வுடன்படிக்கையைக் கைவிட்டது.

அரசிடம் தன் கருத்தைச் சொல்வது எந்தக் கம்பனிக்கும் உள்ள உரிமை. அதை நான் குறைகூறவில்லை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சொல்வதே தவறு. சட்டங்கள் தொடர்பாக அரசியல்வாதிகளை அணுகச் செலவிடும் பணத்தை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் எந்தச் சங்கத்துக்கு, எந்த ஆய்வு நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பட்டியலிட அச்சட்டம் கேட்பதில்லை. நனைந்த அரிசி அங்கேதான் ஒளிகிறது.

இவற்றை வெளியிட்டால் வியாபார இரகசியம் போய்விடும் என்பார்கள். தயாரிப்பு முறை இரகசியமாக இருக்கலாம். எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை மாற்றும்படி கேட்பது எப்படி ஒருவருடைய இரகசியமாகும்?

கேட்டால் மாற்றம் வரும் என்பதற்கும் எக்சனே சான்று. தன் அரசியல் முயற்சிகள் பாரிஸ் உடன்படிக்கையின் இலக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று கம்பனி அறிக்கை தரவேண்டும் என்ற பிரேரணைக்கு, 2021 மே மாதக் கூட்டத்தில் பங்குதாரர்கள் பெரும்பான்மை வாக்களித்தார்கள். பணிப்பாளர் சபை அதை எதிர்த்திருந்தது.

ஐந்தொகையில் ஒரு சதம் பிசகினாலும் எங்கள் ஆசிரியை விடமாட்டார். ஆனால் ஒரு கம்பனி யாருடைய வாயால் பேசுகிறது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியும் கட்டாயமாக வேண்டும்.

சகோதரிகளே, நாளை நம்மில் சிலர் கணக்காளர்களாக, கணக்காய்வாளர்களாகக் கையொப்பமிடப் போகிறோம். பெற்றோரே, உங்கள் மகள் பெரிய கம்பனியில் வேலை பெற்றால் மகிழ்வீர்கள். மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்க்கும் துணிவும் அவளுக்கு இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.